நாள் கடக்க முன்னர்

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் ஓர் ஒளிப்பிடம் இருக்கும். சில வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால், சில வீடுகளில் பழைய பிஸ்கட் ரின்னுக்குள். அங்கே நகை இருப்பதில்லை, கடிதங்கள்தான் இருக்கும். அரசாங்கத்திலிருந்து வந்தவை, வீட்டுக்காரர் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போனவை, வேலைத்தலத்தில் கையில் தந்தவை. வாசித்தும் விளங்காதவை பல. உறையே கிழிக்காதவை சில. வெள்ளிக்கிழமை விரதம் முடியட்டும், மகன் வேலையால் வரட்டும், மருமகளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். அந்தக் கடிதங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு திகதி போட்டிருக்கும்.

நான் சட்டம் படித்தவள் அல்ல. தையல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஓரளவு ஆங்கிலம் பேச வரும் என்பதால் அக்கம்பக்கத்தார் கூப்பிடக் கூப்பிட, சமூகச் சட்ட உதவி நிலையங்களுக்கு மொழிபெயர்க்கப் போய்ப் பழகியவள். 'லீகல் கிளினிக்' என்றால்தான் இங்கே பலருக்கு விளங்கும். சட்டத்தரணியின் மேசைக்கு இந்தப் பக்கம் எங்கள் சனத்தோடு இருந்து பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. எங்கள் ஆட்கள் நியாயம் இல்லாமல் தோற்றது குறைவு, நாள் பிந்தித் தோற்றதுதான் அதிகம்.

ஒன்ராறியோவின் முதலாவது சமூகச் சட்ட உதவி நிலையம் 1971இல் ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், பார்க்டேலில் தொடங்கியது. ஒஸ்குட் ஹோல் சட்டக் கல்லூரி மாணவர்கள் வாடகை வீட்டுக்காரரின், வேலை இழந்தவரின் வழக்குகளை அங்கே நேரில் பார்த்துச் சட்டம் படித்தார்கள். இன்றும் படிக்கிறார்கள். பிறகு இப்படியான நிலையங்கள் மாகாணம் முழுக்கப் பரவி இப்போது 70 அளவில் இருக்கின்றன. காசு 'லீகல் எய்ட் ஒன்ராறியோ' என்ற அமைப்பிலிருந்து வருகிறது. நடத்துவது அந்தந்தப் பகுதிச் சனத்திலிருந்து தெரிவாகும் நிர்வாக சபை. ஆகவே இது அரசாங்கக் கந்தோர் இல்லை. இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் கஷ்டம். "சும்மா செய்யிறாங்களெண்டால் அரசாங்கத்துக்குச் சொல்லிப்போடுவாங்கள் அக்கா" என்பார்கள். பேர் பதிந்தால் என்ன நடக்கும் என்று பயந்து வாழ்ந்த ஊரிலிருந்து வந்தவர்கள் அப்படி நினைப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இங்கே சட்டத்தரணியிடம் சொன்னது அவரைத் தாண்டிப் போக முடியாது. விசா முடிந்தவரும் அந்தக் கதவைத் தட்டலாம்.

வருமானம் குறைந்தவர்களின் வழக்கைத்தான் எடுப்பார்கள். வீடு வாங்குவது விற்பது, பொலிஸ் வழக்கு, விவாகரத்து போன்றவற்றை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. வாடகை, வேலை, வெல்பெயர், அங்கவீனர் கொடுப்பனவு, சில நிலையங்களில் குடிவரவு. இவற்றில் அவர்களுக்கு நல்ல கைத்தேர்ச்சி உண்டு.

இவை எல்லாவற்றையும் ஏன் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்பது ஒரு தம்பியின் பாட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஏஜென்சி மூலம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. ஒருநாள் தூக்கும்போது முதுகு பிடித்துவிட்டது. "ஆஸ்பத்திரியில வீட்டில விழுந்ததெண்டு சொல்லு, இல்லாட்டி உன்னைத் திருப்பிக் கூப்பிடமாட்டினம்" என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தார். தம்பியும் அப்படியே சொன்னான். வேலைக்காயத்துக்கு இழப்பீடு தரும் சபைக்கு ஒரு கடதாசியும் போகவில்லை. சம்பளம் நின்றது, வாடகை பிந்தியது, வீட்டுக்காரர் நோட்டீஸ் தந்தார். நோட்டீஸைக் கண்டதும் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று நினைத்து, இரவோடு இரவாகச் சாமானைக் கட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டுப் பேஸ்மென்டுக்குப் போனான். குடிவரவுத் திணைக்களம் இன்னும் சில பத்திரங்கள் கேட்டுப் போட்ட கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது. முதுகு வலியில் தொடங்கியது குடிவரவுக் கோப்பில் போய் நின்றது.

நிலையத்தில் ஒரு சட்ட மாணவி, என் பேத்தி வயது இருக்கும், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எதற்கு நாள் குறைவு என்று பார்த்துத் தொடங்கினாள். வேலைக்காய விண்ணப்பத்துக்கு 6 மாதம் தவணை, அதற்குள் இன்னும் நாள் இருந்தது. குடும்ப வைத்தியரிடம் நடந்ததை உள்ளபடி சொல்லி அறிக்கை எடுப்பித்தாள். குடிவரவுக்கு விலாச மாற்றமும் விளக்கக் கடிதமும் போயின. எல்லாம் சரிவரவில்லை. விட்டுவிட்டு ஓடிய வீட்டின் வாடகைக் கடன் கழுத்தில்தான் நின்றது. ஓடாமல் இருந்திருந்தால் அதையும் பேசித் தீர்த்திருக்கலாம்.

வாடகை விஷயத்தை ஒரு வரியில் கடந்து போக எனக்கு மனமில்லை. எங்கள் சனம் ஆகக்கூட ஏமாறுவது அதில்தான். வாடகை பிந்தினால் வீட்டுக்காரர் தருவது என்-4 என்ற படிவம். அதில் ஒரு திகதி இருக்கும். அந்தத் திகதிக்கு வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாக்கியைக் கட்டினால் நோட்டீஸ் செத்துப்போகும். கட்டாவிட்டால் வீட்டுக்காரர் வாடகைச் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சபை விசாரிக்க வேண்டும், கட்டளை தர வேண்டும். அதற்குப் பிறகும் வீட்டுக்காரர் பூட்டை மாற்ற முடியாது. ஷெரிஃப் வந்துதான் வெளியேற்றலாம். தானே சொந்தமாக இருக்கப் போகிறேன் என்று தரும் என்-12 படிவத்துக்கும் இதே நடைமுறைதான். அவரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தவரோ குறைந்தது ஒரு வருடம் அங்கே இருக்கும் உண்மையான எண்ணம் வேண்டும். உங்களை எழுப்பிவிட்டுக் கூடின வாடகைக்கு வேறு ஆளை வைத்தால் சபையில் அவர் பதில் சொல்ல வேண்டிவரும்.

நான் பயப்படுவது என்-11க்குத்தான். அது வெளியேற்றும் நோட்டீஸ் இல்லை, இருவரும் மனம் ஒத்து வாடகையை முடிக்கிறோம் என்ற உடன்படிக்கை. "சும்மா ஒரு சைன் வையுங்கோ அண்ணை, எங்கட பதிவுக்கு" என்று சிரித்துக்கொண்டு நீட்டுவார்கள். வைத்தால் நீங்களே வெளியே போகச் சம்மதித்ததாகிவிடும். விளங்காத கடதாசியில் வீட்டு வாசலில் நின்று கையெழுத்து வைக்காதீர்கள். "வாசிச்சுப்போட்டுத் தாறன்" என்று சொல்லி வாங்கி வையுங்கள். அதற்காக உங்களை யாரும் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள்.

பேஸ்மென்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். நகரசபை அனுமதி இல்லாத பேஸ்மென்ட் என்றால் தங்களுக்கு உரிமையே இல்லை என்று நினைக்கிறார்கள். அனுமதி இல்லாமல் கட்டினது வீட்டுக்காரரின் பிரச்சினை, வாடகையாளர் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. ஆனால் வீட்டுக்காரரோடோ அவரது குடும்பத்தோடோ குசினியையோ குளியலறையையோ பகிர்ந்து இருக்கவேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தால் அந்தச் சட்டம் உங்களைச் சேராது. வாடகை ஏற்றத்திலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. சட்டம் விதிக்கும் உச்சவரம்பு 2025இல் 2.5 வீதம், 2026இல் 2.1 வீதம். ஏற்றுவதற்கு 90 நாள் முன்னர் எழுத்தில் சொல்ல வேண்டும், 12 மாதத்துக்கு ஒருமுறைதான் ஏற்றலாம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலில் ஆட்கள் குடியேறிய புதிய வீடுகளுக்கு அந்த உச்சவரம்பே இல்லை. புதுக் கொண்டோவில் மினுமினுக்கும் சமையலறையைப் பார்த்து மயங்கும் இளம் சோடிகள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கட்டடத்தில் எப்போது ஆள் வந்தது என்பதுதான்.

இதில் எங்களுக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. வீட்டுக்காரரும் பெரும்பாலும் எங்கள் ஆள். கோயிலில் காணும் முகம், மகளின் சாமத்திய வீட்டுக்கு வந்தவர். அவருக்கு எதிராகக் கடதாசி போடுவதா என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் மரியாதையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் வேலை செய்யாத அறையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தங்கச்சி மூன்று மாதம் சொல்லாமல் இருந்ததை மரியாதை என்று நான் எடுக்கமாட்டேன். நிலையத்தில் முதல் கேட்கும் கேள்விகளில் ஒன்று எதிர்த்தரப்பின் பேர். ஒருவருக்கு உதவத் தொடங்கிவிட்டால் மற்றவருக்கு உதவ முடியாது என்பதால்தான் கேட்கிறார்கள். பேரைச் சொன்னதும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று நடுங்கத் தேவையில்லை.

இனி என் வயதுக்காரர்களின் கதை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்று பிள்ளை ஸ்பொன்சர் செய்து வந்த தாய் தகப்பன்மார். பெற்றோருக்கு ஸ்பொன்சர் செய்பவர் 20 வருடம் அவர்களைப் பராமரிப்பதாக அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். முதியோர் பென்ஷனுக்கோ 65 வயதும், 18 வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 10 வருட வாழ்வும் வேண்டும். அறுபதில் வந்த அம்மா எழுபது வரை கையை நீட்டித்தான் இருக்கவேண்டும். பிள்ளைகள் நல்லவர்களாக இருக்கும் வீடுகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. இல்லாத வீடுகளில், பேரன் வளர்ந்து பள்ளிக்குப் போன பிறகு அம்மா இடைஞ்சல் ஆகிவிடுகிறார். சாப்பாட்டுக்குக் குத்துப் பேச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லை, ஒருநாள் "அக்கா வீட்டை போய் இருங்கோ" என்று பெட்டி வாசலுக்கு வருகிறது.

அந்த அம்மாமார் வாய் திறக்காததற்கு இரண்டு பயங்கள் காரணம். மகன் சிறைக்குப் போவான் என்பது ஒன்று. தன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது மற்றது. இரண்டும் நடக்காது. நிரந்தர வதிவுரிமை கிடைத்தபின், பிள்ளை கைவிட்டார் என்பதற்காக அது பறிபோவதில்லை. ஒரு வழியும் இல்லையென்றால் வெல்பெயருக்கு விண்ணப்பிக்கலாம். கொடுத்த காசை அரசு மகனிடம் கடனாகக் கேட்கும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானே அம்மாவுக்குப் பெரிய பாரம் என்பதும் எனக்குத் தெரியும். "பிள்ளையைக் கடன்காரனாக்கினவள் எண்டு சொல்லுவினம்" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை செய்யாததற்குத் தாய் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த கிழமை அவரே போன் எடுத்து எப்போது போவம் என்று கேட்டார். முதியவர்களுக்கென்றே ரொறன்ரோவில் 1984இலிருந்து ஒரு சட்ட உதவி நிலையம் இயங்குகிறது. தெற்காசியர்களுக்கென்று ஒன்று இருக்கிறது, அங்கே தமிழிலும் பேசலாம்.

வெல்பெயர் கிடைத்தாலும் சீவியம் சுகமாகிவிடும் என்று சொல்லமாட்டேன். தனி ஆளுக்கு மாதம் 733 டொலர் என்று 2018இல் வைத்த தொகையை அதற்குப் பிறகு ஆண்டாண்டாக ஏற்றாமலே வைத்திருந்தார்கள். அதில் இருப்பிடத்துக்கென்று கணக்கிட்டது 390 டொலர். ரொறன்ரோவில் அந்தக் காசுக்கு அறை காட்டினால் அந்த மனிதருக்கு மாலை போடலாம். சுகவீனத்தால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அங்கவீனர் கொடுப்பனவு இதைவிடக் கூட. ஆனால் முதலில் மறுப்புக் கடிதம் வருவது சாதாரணம். வந்ததும் கடவுள் விட்ட வழி என்று பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் இல்லை என்றால், இன்னொரு 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வைத்தியர் படிவத்தில் 'நாரி நோ' என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு நேரம் நிற்க முடியும், எவ்வளவு தூரம் நடக்க முடியும், ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியுமா என்று விவரமாக எழுதினால் வழக்கின் முகமே மாறும். எதை எழுதவேண்டும் என்று வைத்தியருக்குக் கடிதம் போட்டுக் கேட்பது நிலையங்களின் வழக்கமான வேலை.

வேலை விஷயம் இதைவிட நேரானது. சம்பளம் தராவிட்டால் தொழில் அமைச்சுக்கு 2 வருடத்துக்குள் முறையிடலாம், செலவில்லை. கிழமைக்கு 44 மணித்தியாலம் தாண்டினால் பெரும்பாலான வேலைகளில் ஒன்றரை மடங்கு தரவேண்டும். 2025 ஒக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர் ஆனது. கையில் காசு தருகிறார்கள் என்பதற்காக இந்தச் சட்டம் செல்லாமல் போவதில்லை. முதலாளி கணக்குக் காட்டமாட்டார் என்றால் நீங்கள் எழுதி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை மணிக்கு வந்தேன் என்று ஒரு கொப்பியில் எழுதினது எத்தனையோ பேருக்குக் காசு வாங்கித் தந்திருக்கிறது.

குடிவரவில் தவணை இன்னும் இறுக்கம். அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்ய 15 நாள். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட குடிவரவு முடிவுகளைச் சமஷ்டி நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் 15 நாள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் முதலில் போவது படிவம் நிரப்பும் தெரிந்த ஒருவரிடம். காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணிக்கும், அனுமதிப்பத்திரம் உள்ள பராலீகலுக்கும், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகருக்கும் மட்டும்தான் உரிமை. மற்றவர் நல்லவராக இருக்கலாம். பிழைத்தால் அவரைக் கேட்க இடமில்லை.

இன்று அகதிக் கோரிக்கையாளர் நேரில் இருந்து தன் கதையைச் சொல்கிறார் என்றால் அது யாரும் இரங்கித் தந்ததில்லை. முன்பு எழுத்து மூலப் பதிவை மட்டும் வாசித்து மறுத்துவிடலாம். சிங் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போய், 1985 ஏப்ரல் 4இல் வென்ற பிறகுதான் அது மாறியது. 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் சனம் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் ஒதுங்கியது. 1999இல் வென்ற பேக்கர் வழக்கும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். ஜமேக்காவிலிருந்து 1981இல் வந்து வீட்டு வேலை செய்த பெண். இங்கே நாலு பிள்ளை பெற்றார், கடைசிப் பிள்ளைக்குப் பிறகு மனநோய், வெல்பெயரில் சீவியம், பிறகு நாடுகடத்தும் கட்டளை. குடிவரவு அதிகாரி எழுதிய குறிப்பில் அவர் வெல்பெயர் எடுப்பதும் பிள்ளை பெற்றதும்தான் பெரிய குற்றமாக இருந்தன. அந்தக் குறிப்பே வழக்கைத் திருப்பியது. பிள்ளைகளின் நலனை அக்கறையோடு பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையும் வருமானமும் வதிவுரிமையும் ஒரு பெண்ணின் உடம்பிலேயே பின்னிக் கிடந்ததை அந்த வழக்கில் பார்க்கலாம்.

இந்த நிலையங்கள் கல்லில் கட்டியவை என்று நினைக்காதீர்கள். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் ஒன்ராறியோ அரசு சட்ட உதவிக்கான நிதியில் 133 மில்லியன் டொலரை வெட்டியது. அகதி, குடிவரவு வழக்குகளுக்கு மாகாணக் காசைத் தொடவே கூடாது என்றும் சொன்னது. அந்த ஓகஸ்ட் மாதம் மத்திய அரசு 25.7 மில்லியன் தந்திருக்காவிட்டால் எத்தனை பேர் தனியே போய் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெட்டியபோது ஊர்வலம் போனவர்களில் எங்கள் ஆட்கள் போதவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது கையில் ஒரு கடிதத்தோடு இருப்பவர்களுக்கு: உறையையும் எறியாமல் கொண்டு போங்கள், தபால் முத்திரைத் திகதி தேவைப்படலாம். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் பகுதி நிலையம் எது என்று தெரியாவிட்டால் 211 என்ற இலக்கத்துக்கு எடுத்து, தமிழ் என்று சொல்லுங்கள். சும்மாதான்.

கடிதம் இல்லாமல் நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த நிலையங்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டம் உண்டு, நிர்வாக சபைக்கு ஆள் தேவை, கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் தேவை, தமிழ் ஆங்கிலம் இரண்டும் ஓடும் இளம் பிள்ளைகள் தேவை. கோயில் நிர்வாக சபைக்குப் போட்டி போடும் ஆட்களில் பாதிப்பேர் இந்தப் பக்கம் வந்தாலே போதும்.